அப்பனும் அம்மாவும் உள்ள அனாதை

டென்வுட் எசமான் என் ஆறு வயசு மகளுக்குப் புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

எங்களுக்கு பூட்ஸ் என்றால் கிறிஸ்துமஸுக்குத்தான். அதுவும் வயலில் உழைக்கிற பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்தத் தோல்தான் பூட்ஸ். அப்படியிருக்க, அக்டோபர் கடைசியில் அந்த மனுஷர் நான் வெண்ணெய் கடைகிற கொட்டகைக்குத் தானே நடந்து வந்தார். கையில் காகிதப் பொட்டலம். "ஹெஸ்டி பாப்பா எங்க?" என்று கேட்டார். என் மகள் பிறந்த நாளிலிருந்து அவர் வாயில் அவளுக்கு "ஏ குட்டி" என்றுதான் பேர். ஹெஸ்டி என்று ஒரு பேர் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூட்ஸைப் போட்டுப் பார்த்தோம். முன்னால் என் மூன்று விரல் போகிற அளவுக்கு இடம் இருந்தது.

"பெருசா இருக்குதுங்களே எசமான்."

"வளர்ற பிள்ளைதானே கெசையா. ரெண்டு வருஷத்துல கணக்கா வந்துடும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் மத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். வருகிற செவ்வாய்க்கிழமையோடு எங்கள் மேரிலாந்து மாகாணத்தில் அடிமை என்று யாரும் இல்லை, சட்டம் வந்தாயிற்று. செவ்வாய்க்கிழமை வீட்டை விட்டுப் போகப்போகிற பிள்ளைக்கு எந்த மடையன் வளர்த்தி பார்த்து பூட்ஸ் வாங்குவான்? டென்வுட் எசமான் என்னவாக இருந்தாலும் மடையன் இல்லை.

என்னைச் சந்தேகப் பிசாசு என்று சொல்வார்கள். சொல்லட்டும். முன்னே ஒரு தடவை விடுதலை விடுதலை என்று ஊரே குதித்தது. வடக்கு மாகாணங்களும் தெற்கு மாகாணங்களும் போடுகிற சண்டை நடுவில் அரசாங்கம் பெரிய உத்தரவு போட்டுவிட்டதாம், எல்லாரும் இனி சுதந்திரமாம். நானும் வெண்ணெய்ப் பானையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன். பிறகு பார்த்தால், எதிர்த்துச் சண்டை போடுகிற தெற்கத்தி மாகாணங்களில் இருக்கிற அடிமைகளுக்குத்தான் அந்த உத்தரவாம். எங்கள் மாகாணம் அரசாங்கத்தின் பக்கம் நின்றதாம், அதனால் எங்களுக்கு இல்லையாம். நல்ல பிள்ளையாக இருந்ததற்குப் பரிசு! அன்றிலிருந்து யார் எந்த நல்ல சேதி கொண்டுவந்தாலும் அதைத் திருப்பிப் போட்டு ஓட்டை எங்கே என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

என் புருஷன் லெவின் நேர்மாறு. அவன் பிறந்ததிலிருந்தே சுதந்திர ஆள்; அவனுடைய அம்மாவை அவளுடைய எசமானி சாகும்போது விடுதலை செய்துவிட்டுப் போனாள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை, ஒரு சின்னப் படகு. வளைகுடாவில் நீள இடுக்கி போட்டுச் சிப்பி அள்ளுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னையும் பிள்ளையையும் பார்க்க வருவான். அந்த ஞாயிறு வந்தபோது பூட்ஸைக் காட்டினேன்.

"ஏன்டி, ஒரு மனுஷன் நல்லது செஞ்சாக்கூட ஒனக்குப் பொறுக்காதா?" என்றான்.

"யோவ், மூணு விரல் இடம் விட்டிருக்கான்யா."

"சரி, தாராள மனசு."

"தாராளமாம்! போன மாசம் மோர்ல ஒரு குவளை குடிச்சதுக்கு என் முதுகத் தாராளமா உரிச்சான். மறந்துட்டியா?"

லெவின் பூட்ஸைக் கையில் வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். பிறகு, "சட்டம் வந்துருச்சு கெசையா. அடிமை வெக்கலாமா கூடாதான்னு வெள்ளக்காரங்க போட்ட ஓட்டுல, பட்டாளத்துல இருக்குறவங்க ஓட்டும் வந்து சேந்துதான் நம்ம பக்கம் ஜெயிச்சுது. செவ்வாக்கெழம மணி அடிச்சதும் நீ பாட்டுக்கு நடந்து வா. யாரு தடுப்பா?" என்றான்.

யார் தடுப்பார்கள் என்பதுதான் என் கேள்வியும்.

செவ்வாய்க்கிழமை ஊர்க் கோயில் மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. எசமான் எங்களை வாதுமை மரத்தடியில் கூட்டினார். முகத்தில் சாவு வீட்டுக்களை எதுவும் இல்லை. இருக்கிறவர்கள் இருக்கலாம், கூலி கிடைக்கும். போகிறவர்கள் போகலாம், சண்டை இல்லை என்றார். கடைசியாக, ஏதோ நினைவு வந்தவர் மாதிரி, "பெரியவங்க உங்க இஷ்டம். சின்னஞ்சிறுசுங்க மட்டும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும். குளிர் வருதுல்ல, பாவம்," என்றார்.

பாவமாம். "ஆமாங்க ஐயா" என்று எல்லாரோடும் சேர்ந்து நானும் சொன்னேன். சொல்லிவிட்டு நேரே கொட்டகைக்குப் போய்ப் பிள்ளையைப் போர்வையில் சுற்றி, சோளக்கொல்லைக்குப் பின்னால் நடந்துவிட்டேன். பூட்ஸைக் கழற்றிப் படியிலேயே வைத்துவிட்டேன். ஹெஸ்டி அதற்கு வழியெல்லாம் அழுதாள். அவர் கொடுத்த பொருள் என் பிள்ளை காலில் இருந்தால் அதைச் சாக்காக வைத்து இழுப்பார் என்று எனக்குத் தோன்றியது. அந்த அளவுக்குக் கெட்டிக்காரி நான்.

லெவின் வீட்டில் சோளரொட்டி சுட்டோம், சிப்பி வதக்கினோம். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே கூரை என்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஹெஸ்டி, "அப்பா இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்லியே, நீ ஏன் இருக்க?" என்று கேட்டாள். லெவின் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டான். நான் மட்டும் கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை குதிரைச் சத்தம் கேட்டது. கோர்ட்டுச் சேவகன். இறங்கவே இல்லை, மேலே உட்கார்ந்தபடியே சொன்னான்.

"ஹெஸ்டர்ங்கிற கறுப்புப் பிள்ளையை நாளைக்கு டவுனுக்குக் கொண்டு வரணும். அனாதைக் கோர்ட்டுல விசாரணை."

"எங்கங்க ஐயா?"

"அனாதைக் கோர்ட்டு. வராட்டி நாங்க வந்து தூக்கிட்டுப் போவோம்."

அவன் போனதும் லெவினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியாடி, தப்பான வீட்டுக்கு வந்துட்டான். அனாதைக்கில்ல அந்தக் கோர்ட்டு! நாம ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோமே. போய் நின்னாப் போதும், வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிருவாங்க."

ஹெஸ்டிக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீ சாகப்போறியா?" என்று கேட்டாள்.

"ஏன்டி?"

"நான் அனாதைன்னு சொன்னாரே."

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். லெவினிடம், "நீ படகுத்துறைக்குப் போய் விசாரிச்சிட்டு வா. எனக்கு இது சரியாப் படல," என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது.

துறையில் ஒரு பொம்பளை தலையில் அடித்துக்கொண்டு அழுதாளாம். அவள் பையன்கள் இரண்டு பேரையும் பழைய எசமான் வண்டியில் ஏற்றி அந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனாராம். அவள் ஒருத்தி மட்டும் இல்லை, டவுன் தெருவில் வண்டி வண்டியாகப் பிள்ளைகளாம். காப்பாற்ற வசதி இல்லாத கறுப்பர்களின் பிள்ளைகளைத் தொழில் பழக விடுவது என்று பழைய சட்டம் ஒன்று இருக்கிறதாம். பழைய எசமானுக்குத்தான் முதல் உரிமையாம். பையன் என்றால் இருபத்தொரு வயது வரை, பெண் என்றால் பதினெட்டு வரை. கூலி கிடையாது. ஓடினால் பிடித்துக்கொண்டு வருவார்கள். பேர்தான் வேறு.

"பிள்ளைகிட்டயும் கேப்பாங்களாம்," என்றான் லெவின். "எசமான்கூட இருக்க உனக்குச் சம்மதமான்னு. பிள்ளை ஆமான்னு சொல்லிட்டா முடிஞ்சுதாம். அந்தப் பசங்க ரெண்டு பேரும் ஆமாங்க ஐயான்னு சொல்லிட்டானுங்களாம்."

சொல்லாமல்? வெள்ளைக்காரர் என்ன கேட்டாலும் ஆமாங்க ஐயா. மழை பெய்கிறதா, ஆமாங்க ஐயா. வெயில் அடிக்கிறதா, ஆமாங்க ஐயா. நடக்கப் பழக்குவதற்கு முன்னால் நாங்கள் பிள்ளைக்குப் பழக்குவது அதைத்தான். அந்தச் சொல் நாக்கில் இருந்தால் முதுகு பிழைக்கும். என் மகளுக்கும் நான் அதை அடித்துத்தான் பழக்கினேன், எசமான் அடிப்பதற்குப் பதிலாக.

லெவின் வீட்டிலிருந்த சிப்பிப் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஏய் பெண்ணே! நான்தான் ஜட்ஜ். டென்வுட் ஐயாகிட்டப் போறியா?"

"ஆமாங்க ஐயா," என்றாள் ஹெஸ்டி, பட்டென்று.

"அடியேய்!" என்று நான் கத்தினேன். "வேண்டாம்னு சொல்லு. என்ன கேட்டாலும் வேண்டாம்."

மறுபடி கேட்டான். "வேண்டாங்க ஐயா." இன்னொரு தடவை. "வேண்டாங்க ஐயா." லெவினுக்குக் குஷி வந்துவிட்டது, பீப்பாயைத் தட்டினான். எனக்கு மனசு அடங்கவில்லை.

"கேள்விய மாத்திப் போட்டுக் கேளுய்யா," என்றேன்.

"பெண்ணே, உங்கம்மாகூட இருக்கணுமா?"

"வேண்டாங்க ஐயா."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஹெஸ்டியின் உதடு பிதுங்கியது. நான் அவளைத் திட்டவில்லை. "காதுல விழுந்துச்சாடி, அப்பா என்ன கேட்டார்னு?" என்று மட்டும் கேட்டேன்.

"விழலம்மா. எசமானுங்க பேசுனா அவங்க காலத்தான் பாப்பேன். சத்தம் நின்னதும் பதில் சொல்லிருவேன்."

அது அவள் குற்றமா? நானும் இத்தனை வருஷம் அப்படித்தானே நின்றிருக்கிறேன். "இனிமே காலப் பாக்காத. வாயப் பாரு. புரியலைன்னா திரும்பக் கேளு. என்ன கேக்குறாங்கன்னு தெரியாம வாயத் தொறக்காத. யாரையும் நம்பாத," என்றேன்.

"உன்னையுமா?"

"ஏன்டி, எம்பொண்ணுன்னு காட்டுறியா?" என்றேன். லெவின் பீப்பாயிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் டவுனுக்குப் போனோம். தெருவில் வண்டிகள் நின்றன. பிள்ளைகள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்டில் ஜட்ஜ் ஒரு வயசானவர். பசியோடு இருந்தார் போல, அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். டென்வுட் எசமான் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதோ வேட்டைநாய் விஷயம் பேசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்கி என்ன செய்ய?

லெவின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் போனான்.

"நான் இந்தப் பிள்ளையோட தகப்பனுங்க ஐயா. சொந்தமா வீடு, படகு எல்லாம் இருக்குதுங்க."

"இவ உனக்கு யாரு?" என்று ஜட்ஜ் என்னைக் காட்டினார்.

"சம்சாரங்க. பாதிரியாரே கட்டி வெச்சாருங்க."

"செவ்வாக்கெழம வரைக்கும் இவ அடிமை. அடிமைக்குச் சட்டத்துல கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லேன்னா நீ இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் கிடையாது. தள்ளி நில்லு."

அப்படியே, ஒரு ஈயை விரட்டுகிற மாதிரி, என் புருஷனை என் மகளிடமிருந்து விரட்டினார். லெவின் தொப்பியோடு பின்னால் நகர்ந்தான். பாவி மனுஷன், சட்டம் வந்துவிட்டது சட்டம் வந்துவிட்டது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான்.

"தாய்க்கு என்ன வசதி இருக்கு?"

டென்வுட் எசமான் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்கே அவரை நான் கொன்றிருப்பேன். "சொல்லவே கஷ்டமா இருக்குங்க. நான் பிள்ளைக்குப் புது பூட்ஸ் வாங்கிக் குடுத்தேன். இவ அதைக் கழட்டிப் படியில வீசிட்டு, நவம்பர் குளிர்ல வெறுங்காலோட இழுத்துட்டுப் போனா. அந்தக் காலை நீங்களே பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். லெவின் சாக்குத் துணியால் பிள்ளையின் காலைச் சுற்றிவிட்டிருந்தான், அதில் சேறு அப்பியிருந்தது. கொடுத்ததை எடுத்திருந்தால் அவர் பிள்ளையை நன்றாக வைத்திருந்ததற்குச் சாட்சி. எடுக்காததால் நான் கெட்ட தாய் என்பதற்குச் சாட்சி. எப்படிப் போனாலும் அந்த பூட்ஸ் அவருக்குத்தான் வேலை செய்திருக்கும். நான் சந்தேகப்பட்டது போதவே இல்லை.

"பிள்ளை இங்க வா," என்றார் ஜட்ஜ். குரலில் சர்க்கரை. "பயப்படாத. டென்வுட் ஐயா வீட்டுல இருக்குறதுல உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?"

ஆமாங்க ஐயா என்றால் அவருக்கு. இல்லைங்க ஐயா என்றாலும் அவருக்குத்தான். வேண்டாம் என்றால் அது பதிலே இல்லை. இப்படி ஒரு கேள்வி உலகத்தில் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஹெஸ்டி அவர் காலைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள்.

"திரும்பச் சொல்லுங்க ஐயா."

பின்னால் யாரோ "அடக் கடவுளே" என்றார்கள். ஜட்ஜுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. டென்வுட் எசமான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயா வீட்டுல இருக்குறதுல கஷ்டம் இல்லையேன்னு கேட்டேன்."

அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எல்லாரையும் காக்க வைத்து, நிதானமாக யோசித்தாள். பிறகு சொன்னாள்.

"மாட்டேன்."

நாங்கள் பழக்கிய சொல் அது இல்லை. 'ஐயா'வும் இல்லை. எங்கே கற்றாள் என்று தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் எந்த வெள்ளைக்காரரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"என்ன மாட்ட?"

"அவர்கிட்டப் போக மாட்டேன். எங்கம்மாகூடத்தான் இருப்பேன். நான் அனாதை இல்ல. அதோ எங்கம்மா நிக்குது. அதோ எங்கப்பா."

எனக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். இதற்கு மேல் என்ன வேண்டும், பிள்ளை தானே வாய்விட்டுச் சொல்லிவிட்டதே என்று, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, நான் நம்பினேன்.

ஜட்ஜ் குமாஸ்தா பக்கம் திரும்பினார்.

"வாய்த்துடுக்கு அதிகம். கண்டிச்சு வளக்க ஆள் இல்லைன்னு தெரியுது. பதினெட்டு வயசு வரைக்கும் டென்வுட் ஐயாகிட்டயே இருக்கட்டும். அடுத்தது யாரு?"

அவ்வளவுதான். அவருக்குச் சாப்பாட்டு நேரம்.

நான் பாய்ந்தேன். சேவகன் என்னைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். "ஐயா, அவதான் மாட்டேன்னு சொல்லிட்டாளே! கேட்டீங்களே, சொல்லிட்டாளே!" என்று நான் கத்தியது அந்த அறையில் யார் காதிலும் விழவில்லை. லெவின் மட்டும் என் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதான்.

சேவகன் கையை விட்டபோது அவளை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. தெருவுக்கு ஓடினேன். டென்வுட் எசமான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "குனிஞ்சு உக்காரு குட்டி," என்றார். பாப்பா போய், பழையபடி குட்டி வந்துவிட்டது.

"மாட்டேன்."

"என்ன சொன்ன?"

"மாட்டேன்."

எனக்கு அந்த மனுஷரின் முகம் தெரியும். அந்தக் கழுத்து நரம்பு எப்போது புடைக்கும், அதற்குப் பிறகு கை எங்கே போகும் என்று என் முதுகுக்குத் தெரியும். வண்டி நகர்ந்தது. நான் பக்கத்திலேயே ஓடினேன்.

"ஹெஸ்டி! ஆமாங்க ஐயான்னு சொல்லுடி! சொல்லிருடி என் கண்ணே, ஆமான்னு சொல்லிரு!"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம் இல்லை. சந்தேகம். தன்னைப் பெற்றவள் யார் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

குதிரைகள் வேகம் எடுத்தன. என்னால் ஓட முடியவில்லை. லெவின் வந்து என் கையைப் பிடித்து, "துறைக்கு வா. படக எடுப்போம். பால்டிமோர் பட்டணத்துல அரசாங்கப் பட்டாளத்துப் பெரிய அதிகாரி இருக்காராம், அவர் பேச்சு கோர்ட்டுக்கும் மேலயாம், அவர் கால்ல போய் விழுவோம்," என்று இழுத்தான். நான் அசையவில்லை. தெருமுனை திரும்புவதற்குள் அவள் ஒரு தடவை ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் சொல்லவில்லை.